குடும்பத்தோடு லண்டனிலிருந்து பாரிசுக்குத் தொடருந்தில்: முதியவர், குழந்தைகள், மூட்டைகள்

மல்லிகைப்பந்தல் (ஹரோ) எழுதியது:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் என் கணவரின் தங்கை மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா. மண்டபம் பாரிசுக்கு வடக்கே லா கூர்னேவில் இருக்கிறது. நானும் கணவரும், ஒன்பது வயது மகனும், மூன்று வயது மகளும், எழுபத்திரண்டு வயதான மாமியுமாக ஐந்து பேர் போக வேண்டும். மாமிக்கு இரண்டு முழங்கால்களும் வலி. பத்துப் படி ஏறினால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். நாங்கள் நால்வரும் பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறோம். இங்கே நிரந்தர வதிவிட உரிமை இருந்தும் மாமி இன்னமும் இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருக்கிறார்.

காரில் போகலாம் என்பது கணவரின் விருப்பம். என் மனம் தொடருந்தை நாடுகிறது. லண்டனிலிருந்து பாரிசுக்கு இரண்டே கால் மணி நேரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் சிறுபிள்ளையும் முதியவரும் சேலைப் பெட்டிகளும் பலகாரமும் சேர்ந்த பயணத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்துமா என்பதுதான் என் ஐயம். குடும்பமாகப் போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதினால் உதவியாக இருக்கும்.

லாசப்பல்தம்பி (பாரிஸ்) எழுதியது:

வணக்கம் அக்கா. இரண்டே கால் மணி நேரம் என்பது பொய்யன்று. ஆனால் அது பயணத்தின் மிக இலகுவான பகுதி மட்டுமே. லண்டனில் வண்டி புறப்படும் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் பயணச்சீட்டு வாயில், பாதுகாப்புச் சோதனை, பிரெஞ்சு எல்லைக் காவல் மூன்றையும் தாண்டிய பிறகே காத்திருக்கும் கூடத்துக்குள் நுழைய முடியும். சாதாரண வகுப்பினருக்கு வண்டி புறப்பட அரை மணி நேரம் இருக்கும்போதே வாயில் மூடப்படும். பிள்ளைகளோடும் மாமியோடும் வருகிறீர்கள் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். ஹரோவிலிருந்து மெட்ரோபொலிட்டன் பாதையில் மாறாமலே கிங்ஸ் குறோஸ் வந்து இறங்கலாம் என்பது உங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு. வீட்டு வாசலிலிருந்து மண்டப வாசல் வரைக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். பாரிஸ் ஒரு மணி நேரம் முந்தியது என்பதையும் உறவினருக்குச் சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நான் தொடருந்தையே பரிந்துரைப்பேன். பிரெஞ்சு எல்லைச் சோதனை லண்டனிலேயே முடிந்துவிடுவதால், பாரிசில் இறங்கியதும் யாரும் உங்களை நிறுத்தி வரிசையில் வைப்பதில்லை. கதவைத் திறந்தால் நகரத்தின் நடுவில் நிற்பீர்கள். அதுவும் எந்த இடத்தில்? கார் து நோர் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் லா சப்பல். அங்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள், தோசைக் கடைகள், சேலைக் கடைகள், நகைக்கடைகள் எல்லாம் வரிசையாக நிற்கும். விமானத்தில் வந்தால் நகருக்குள் வந்து சேரவே இன்னொரு பயணம் வேண்டும்.

ஆறாம்கியர் (பர்மிங்ஹாம்) எழுதியது:

தங்கச்சி, கணவரின் பேச்சையும் கொஞ்சம் கேளுங்கள். தொடருந்தில் தலைக்கு ஒரு கட்டணம். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு மட்டும் சீட்டு வேண்டாம், ஆனால் அதற்கு இருக்கையும் இல்லை; மடியில்தான். மற்ற நால்வருக்கும் பள்ளி விடுமுறைக் காலத்துக் கட்டணத்தைப் பார்த்தீர்களா? ஃபோக்ஸ்டனில் காரோடு ஏறும் கடலடிச் சுரங்கத் தொடருந்தில் கட்டணம் காருக்குத்தான்; உள்ளே ஒருவர் இருந்தாலும் ஒன்பது பேர் இருந்தாலும் ஒன்றே. 35 நிமிடத்தில் பிரான்சின் கலேக்கு அருகே போய் இறங்குவீர்கள். மாமி தன் இருக்கையை விட்டு அசைய வேண்டியதில்லை. சேலைப் பெட்டி, சீர்த்தட்டு, குழந்தை வண்டி எல்லாம் பின்னால் கிடக்கும். நான் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் போய் வருகிறேன்.

லாசப்பல்தம்பி எழுதியது:

அண்ணா, கட்டணத்தில் நீங்கள் சொல்வது நியாயம், மறுக்கவில்லை. ஆனால் கலேயில் இறங்கிய பின் பாரிசுக்கு ஏறத்தாழ 290 கிலோமீற்றர் இருக்கிறது. நெடுஞ்சாலைச் சுங்கமும் எரிபொருளும் உண்டு. ஹரோவிலிருந்து ஃபோக்ஸ்டன் வரை எம் 25 நெடுஞ்சாலை நெரிசலும் உண்டு. அதன் பிறகு லா சப்பலில் கார் நிறுத்த இடம் தேடுவது தனி ஒரு பயணம். விழா முடிந்து நள்ளிரவில் களைத்துப்போன ஒருவர் வலப்பக்கச் சாலையில் ஓட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் நானும் கார் என்றுதான் சொல்லுவேன். நான்கு சீட்டும் ஒரு மடிக்குழந்தையும் என்றால், முன்கூட்டியே பதிவு செய்யும் நிலையில் தொடருந்தே நிம்மதி.

பொருநைக்கரை (ரெடிங்) எழுதியது:

வணக்கம். நான் திருநெல்வேலிக்காரன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைப் போன ஆண்டு இதே ரயிலில் பாரிசுக்கு அழைத்துச் சென்றேன். காரா ரயிலா என்ற விவாதத்துக்கு முன்னால் மாமியின் காகிதங்களைப் பாருங்கள். எந்த வழியில் போனாலும் அவை வேண்டும்.

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பிரிட்டனில் எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும், பிரான்சு உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். ஆனால் கோடை விடுமுறைக்கு முன் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. இன்றே தேடத் தொடங்குங்கள். விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும்.

பலர் மறக்கும் இன்னொன்று, திரும்பி வரும் வழி. பிரிட்டனில் வதிவிட அட்டைகள் போய் மின்விசா வந்துவிட்டது. மாமியின் நிரந்தர வதிவிட உரிமை பழைய கடவுச்சீட்டில் குத்திய முத்திரையாக மட்டும் இருந்தால், அதை மின்விசாக் கணக்காக மாற்றி, இப்போது கையில் உள்ள கடவுச்சீட்டை அதனுடன் இணைத்துவிடுங்கள். பிரிட்டன் எல்லை அதிகாரிகள் உங்களைச் சோதிப்பது லண்டனில் அல்ல, பாரிஸ் நிலையத்தில். ஏதேனும் குழப்பம் வந்தால் நீங்கள் ரயில் ஏறுவதற்கு முன்பே அங்கே நின்றுவிடுவீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கொண்டுவந்த புதிய நுழைவுப் பதிவு முறையும் இருக்கிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டுள்ள பெரியவர்களிடம் முதல் தடவை விரல்ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் படம் மட்டும்தான். மாமியின் விரல்ரேகை விசா எடுக்கும்போதே பதிவாகிவிடும். மூன்று வயதுக் குழந்தையைப் படக்கருவிக்கு நேராக அசையாமல் நிறுத்துவதற்குத் தேவையான பொறுமையை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

கிளிநொச்சிக்கிளி (குறொய்டன்) எழுதியது:

பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறதே என்று மற்றவர்கள் அலட்சியமாக இருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். கணவரின் கடவுச்சீட்டில் காலாவதித் திகதிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஆனால் அது வழங்கப்பட்டுப் பத்து ஆண்டும் இரண்டு வாரமும் கடந்திருந்தது. ஐரோப்பாவுக்குள் நுழையும் நாளில் கடவுச்சீட்டு வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது அது செல்ல வேண்டும். 2018-க்கு முன்பு புதுப்பித்தவர்களுக்குப் பழைய கடவுச்சீட்டில் மிஞ்சிய மாதங்களைக் கூட்டிக் கொடுத்தார்கள் அல்லவா, அந்தக் கூடுதல் மாதங்கள் இந்தக் கணக்கில் செல்லாது. அவர் வீடு திரும்பினார். நானும் பிள்ளைகளும் போனோம். குற்றம் முழுவதும் எங்களுடையதுதான். ஆனால் கலியாண வீட்டில் அவர் எங்கே என்று கேட்ட நாற்பது பேருக்கும் நான்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

மாமியின் முழங்காலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொடருந்தின் நீளம் ஏறத்தாழ 400 மீற்றர், பதினாறு பெட்டிகள். உங்கள் பெட்டி கடைசியில் இருந்தால் மேடையிலேயே நல்ல நடை காத்திருக்கிறது. சீட்டுப் பதிவு செய்யும்போதே இருக்கைப் படத்தைப் பாருங்கள். சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மாமிக்குச் சொல்லிச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம். வளர்ந்தவர் ஒருவர் இரண்டு பெட்டியும் ஒரு கைப்பையும் கொண்டுபோகலாம். பெட்டியின் நீளம் 85 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். எடைத் தராசில் யாரும் வைப்பதில்லை என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அத்தனையையும் தூக்கி ஏற்ற வேண்டியவர் உங்கள் கணவர்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிளி அக்கா, உங்கள் பதிவை வாசித்ததும் அலுமாரியைத் திறந்து கடவுச்சீட்டுகளைப் பார்த்தோம். கணவருடையது 2016 ஜூலையில் வழங்கப்பட்டது. 2027 மார்ச் வரை செல்லும் என்று அச்சிட்டிருக்கிறது. நீங்கள் எழுதியிராவிட்டால் இந்த ஆகஸ்டில் நாங்களும் உங்களைப் போலவே பிரிந்திருப்போம். இன்றே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டார்.

இரண்டு விடயங்கள் மிச்சம் இருக்கின்றன. கடலுக்கு அடியில் போவது என்றதும் மாமி கையெடுத்துக் கும்பிடுகிறார். அவருக்கு என்ன சொல்லித் தேற்றுவது? அடுத்தது உணவு. வழியில் சாப்பிடக் கட்டுச்சோறும், விழாவுக்கு வெற்றிலை, மாவிலை, பூமாலை, பலகாரமும் கொண்டுவருவதாக மச்சாளிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

சுண்ணாம்புப்பாறை (மெய்ட்ஸ்ரன்) எழுதியது:

நான் ஓய்வு பெற்ற கட்டடப் பொறியியலாளன். இந்தச் சுரங்கத்தைக் கட்டியவர்களுள் ஒருவன் அல்லன், ஆனால் முப்பது ஆண்டுகளாக இதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசித்துக்கொண்டிருப்பவன். மாமி நினைப்பதுபோல் நீங்கள் தண்ணீருக்குள் போகவில்லை. கடலின் தரைக்குக் கீழே சராசரியாக நாற்பது மீற்றர் ஆழத்தில், களிமண் கலந்த சுண்ணாம்புப் படிவம் ஒன்று இங்கிலாந்திலிருந்து பிரான்ஸ் வரை நீண்டு கிடக்கிறது. குடைவதற்கு மென்மையாகவும் தண்ணீரை எளிதில் கசியவிடாததாகவும் இருக்கும் அந்தப் படிவத்தைப் பின்தொடர்ந்தே சுரங்கத்தைக் குடைந்தார்கள். மொத்த நீளம் 50.5 கிலோமீற்றர், அதில் ஏறத்தாழ 38 கிலோமீற்றர் கடலுக்குக் கீழே. இரு புறத்திலிருந்தும் குடைந்து வந்தவர்கள் 1990 டிசம்பர் முதலாம் நாள் நடுவில் சந்தித்துக் கைகுலுக்கினார்கள். 1994 மே 6 அன்று எலிசபெத் அரசியாரும் பிரெஞ்சு அதிபர் மித்தரோனும் திறந்து வைத்தார்கள். (1802-இலேயே ஆல்பெர் மத்தியூ என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் இதே கடலின் கீழ், எண்ணெய் விளக்கொளியில் குதிரை வண்டிகள் ஓடும் சுரங்கம் ஒன்றுக்குத் திட்டம் வரைந்தார். அதில் பயணம் செய்வதாக இருந்தால் மாமியோடு நானும் கும்பிட்டிருப்பேன்.)

பாதுகாப்பைப் பொறுத்தவரை, அது ஒரு சுரங்கம் அன்று, மூன்று. போக ஒன்று, வர ஒன்று, நடுவில் பணியாளர்களுக்கும் ஆபத்தில் வெளியேறுவோருக்குமான சிறிய சுரங்கம் ஒன்று. 375 மீற்றருக்கு ஒரு குறுக்குவழி நடுச் சுரங்கத்துக்குத் திறக்கிறது. அங்கே காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டியே வைத்திருப்பதால் புகை உள்ளே புகுவதில்லை. 1996 நவம்பரில் சரக்கு வாகனங்களை ஏற்றிச் சென்ற தொடருந்தில் பெருந்தீ மூண்டபோது, அதில் இருந்த 34 பேரும் அந்த வழியாகத்தான் உயிர் தப்பினார்கள். இந்த வாக்கியத்தை மட்டும் மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

வெளியே 300 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி சுரங்கத்துக்குள் 160-க்குக் குறையும். இருபது நிமிடத்தில் கடந்துவிடும். காது சற்று அடைக்கும். குழந்தைக்கு உறிஞ்சக் குடிக்க ஏதாவது கொடுங்கள்.

லாசப்பல்தம்பி எழுதியது:

அக்கா, நீங்கள் ஒப்புக்கொண்ட பட்டியலில் பாதி எல்லை தாண்டாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதன் பின், அங்கிருந்து வருவோர் இறைச்சி, பால் சார்ந்த உணவுகளைப் பயணப் பையில் கொண்டுவர அனுமதி இல்லை. 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் சாரதிகளின் பன்றியிறைச்சி சாண்ட்விச்சையே பறித்துக்கொண்ட செய்தி நினைவிருக்கும். ஆகவே ஆட்டிறைச்சி ரோல்ஸ் கூடாது. தயிர்ச்சோறு கட்டி வந்தால் வண்டியிலேயே உண்டு முடித்துவிடுங்கள். இறைச்சி கலக்காத பிஸ்கட், கேக், இனிப்பு வகைகளுக்குத் தடை இல்லை. குழந்தையின் பால்மாவுக்கு இரண்டு கிலோ வரை விலக்கு உண்டு. பிரிக்காத பொதியாகக் கொண்டுவாருங்கள்.

பச்சை இலைகளின் நிலை இன்னும் மோசம். தாவரங்களுக்கு நலச்சான்றிதழ் வேண்டும் என்பதால் வெற்றிலை, மாவிலை, கறிவேப்பிலை, பூமாலை எதையும் கொண்டுவர முடியாது. அந்தச் சட்டத்திலிருந்து ஐந்தே ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்கள்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன். சட்டம் எழுதியவர் நம்முடைய பூசைத் தட்டைப் பார்த்துவிட்டு வெற்றிலையை மட்டும் மறந்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எப்படியானாலும், இறங்கிய இடத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஃபோபூர் சென் தெனி வீதியிலும் காய் வீதியிலும் இவை அத்தனையும் கிடைக்கும். மச்சாளிடம் பணமாகக் கொடுத்துவிடுங்கள்.

நிலையத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார் து நோரில் இறங்கியதும் 'டாக்சி, டாக்சி' என்று அருகில் வந்து அழைப்பவர்களோடு போகாதீர்கள். கூரையில் விளக்கு உள்ள வண்டிகள் நிற்கும் முறையான தரிப்பிடம் இருக்கிறது. கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். லா கூர்னேவுக்கு ஆர்.இ.ஆர். பி என்னும் புறநகர்த் தொடருந்துப் பாதை நிலையத்துக்குக் கீழேயே ஓடுகிறது, தூரமும் அதிகம் இல்லை. ஆனால் மாமியையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் இறங்க வேண்டாம். மச்சான்மார் யாரையாவது வரச் சொல்லுங்கள் அல்லது டாக்சியில் போங்கள். பாரிஸ் மெட்ரோவில் மின்தூக்கி உள்ள நிலையங்கள் மிகக் குறைவு. 14-ஆம் பாதை மட்டுமே முழுவதும் படியில்லாமல் பயணம் செய்யக் கூடியது. முழங்கால் வலிக்காரருக்குப் பேருந்துதான் நண்பன். உதாரணமாக, 69-ஆம் இலக்கப் பேருந்து ஐபெல் கோபுரத்தின் பக்கத்துப் புல்வெளியிலிருந்து புறப்பட்டு ஒர்சே, லூவ்ர் அருங்காட்சியகங்கள் வழியாகக் கிழக்கே போகிறது. ஒரு சீட்டில் பாதிப் பாரிசை உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

விழாவுக்கு அடுத்த நாள் பிள்ளைகளை லூவ்ருக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். 2026 ஜனவரியிலிருந்து பிரித்தானியர் உள்ளிட்ட வெளியாருக்கு நுழைவு 32 யூரோ. பிள்ளைகளுக்கு இலவசம் என்றாலும் அரை மணி நேரத்தில் அவர்கள் அழத் தொடங்குவார்கள். லா வில்லெத்தில் உள்ள அறிவியல் மையம் மண்டபத்துக்கு அருகிலேயே இருக்கிறது. சிறுவர்களுக்கென்று தனிப் பகுதி, வெளியே ஏறிப் பார்க்க ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பல், எல்லாம் உண்டு. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்ரெம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். நீங்கள் வரும் நாளும் அதுவும் ஒன்றாக வாய்த்தால் லா சப்பல் வீதிகளில் வாகனம் ஓடாது, தேங்காய்தான் உருளும்.

ஆறாம்கியர் எழுதியது:

தம்பி எழுதியதை எல்லாம் வாசித்த பிறகும், ஒரு கார் இருந்தால் இவற்றுள் பாதிச் சிக்கல் இல்லை என்பதே என் நிலைப்பாடு. எல்லாக் கடவுச்சீட்டையும் நானே ஒரு யன்னலில் நீட்டிவிடுவேன்.

பொருநைக்கரை எழுதியது:

அண்ணாச்சி, வெற்றிலையை உங்கள் காரிலும் பறிப்பார்கள்.

மல்லிகைப்பந்தல் எழுதியது (செப்ரெம்பரில்):

போய்த் திரும்பிவிட்டோம், கடமைக்காக அல்ல, நன்றிக்காக எழுதுகிறேன்.

செயின்ட் பாங்க்ராசில் வாயிலிலிருந்து கூடத்துக்குள் போய்ச் சேர எங்களுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. மகள் மூன்று தடவை கண்ணை மூடிக்கொண்டாள். நான்காவது தடவைதான் படம் விழுந்தது. சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்ததால் மாமி எங்கள் எல்லோரிலும் முன்னால் போய்ச் சேர்ந்து, பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். வண்டிக்குள் ஏறிய பின் நடந்ததில் எழுத ஒன்றுமே இல்லை என்பதுதான் தொடருந்துக்கு நான் கொடுக்கக் கூடிய பெரிய பாராட்டு. புளிச்சோற்றை உண்டோம், மகன் வேகம் காட்டும் செயலியைப் பார்த்து 297, 298 என்று எண்ணிக்கொண்டிருந்தான். கட்டணம் மட்டும் ஆறாம்கியர் அண்ணா சொன்னது போலத்தான். திரும்பி வரும் சீட்டைத் தாமதமாக எடுத்ததற்கு நன்றாகவே கொடுத்தோம். வெற்றிலை காய் வீதியில் வாங்கினோம்.

திரும்பும்போது கார் து நோரில் இரண்டு நாட்டு அதிகாரிகளையும் அடுத்தடுத்துக் கடக்க வேண்டும்; அந்தக் கூடம் மேல்மாடியில் இருக்கிறது; மாலை நேரத்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது. அங்கே போவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள் என்பது என் பங்குக்கு நான் சேர்க்கும் ஒரே குறிப்பு.

மாமியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பொறியியலாளர் ஐயா கோபிப்பார். போகும்போது சுரங்கம் தொடங்கியதும் என் கையைப் பிடித்தவர், வெளியே கறுப்புச் சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதைக் கண்டு ஐந்து நிமிடத்தில் கையை விட்டுவிட்டார். பிரான்சில் வெயில் தெரிந்தபோது, "இவ்வளவு காசு கொடுத்துக் கடலைக் கடந்தோம், ஒரு சொட்டுத் தண்ணீரைக் கூடக் காட்டவில்லையே" என்றார். அடுத்த தடவை கப்பலில்தான் வருவாராம். டோவரிலிருந்து கலேக்கு முதியவர்களோடு கப்பலில் போனவர்கள் யாராவது இருந்தால், புதிய இழை ஒன்று தொடங்குகிறேன், அங்கே எழுதுங்கள்.

ஆறாம்கியர் எழுதியது:

ஒன்றரை மணி நேரம்தான், தங்கச்சி. காரோடு ஏறலாம்.